தானியங்கி வெளியீடு: சோதனைகள் முதலிலா, பின்வாங்கும் வழி முதலிலா?

ஜூன் 2, 2025 – கேள்வி

ஆறேழு பேர் கொண்ட குழு நாங்கள். ஓர் இணையச் சேவையைப் பராமரிக்கிறோம். மாதத்துக்கு ஒரு வெளியீடு. அன்று ஒருவர் தன் மடிக்கணினியில் நிரலைத் தொகுத்து (ஓடும் கோப்பாக்கி), சர்வர்களில் ஒவ்வொன்றாக நகலெடுத்து, சேவையை நிறுத்தித் தொடங்குவார். அந்த நாள் அதிலேயே போய்விடும். இதைத் தானியங்கியாக்கும்படி மேலிடம் சொல்கிறது. எங்களிடம் சோதனைகள் மிகக் குறைவு. அவற்றை எழுதி முடித்த பிறகே பைப்லைன் (நிரலைத் தொகுத்து, சோதித்து, சர்வரில் ஏற்றும் தானியங்கி வரிசை) பற்றிப் பேச வேண்டும் என்பது என் வாதம். சோதனை இல்லாத பைப்லைன், பிழைகளை வேகமாக அனுப்பும் இயந்திரம்தானே?

ஜூன் 2, இரவு – பதில்

கடைசி வாக்கியம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே பிழைகளைத்தான் இப்போது கையால், மெதுவாக அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். போதாக்குறைக்குக் கைவேலை தன் பங்குக்கும் பிழைகளைச் சேர்க்கிறது: ஒரு சர்வர் விடுபடுவது, பழைய கோப்பு ஒன்று அழியாமல் கிடப்பது, அந்த ஒருவரின் மடிக்கணினியில் மட்டும் இருக்கும் நிரல் நூலகம்.

விடுபட்ட சர்வர் என்றதும் நைட் கேப்பிடல் நினைவுக்கு வருகிறது. அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1. புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும், ஏழில்தான் ஏறியது. எட்டாவதில், 2003லேயே பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட பழைய வசதி ஒன்று நிரலுக்குள் அப்படியே கிடந்தது. புதிய வசதியை இயக்கும் கொடிக்கு (ஒரு வசதியைப் போடவும் அணைக்கவும் உதவும் அமைப்பு) அந்தப் பழைய கொடியையே மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர் உயிர்த்தெழுந்து ஆர்டர்களை வாரி இறைத்தது. சுமார் 45 நிமிடங்களில் நஷ்டம் 44 கோடி டாலருக்கு மேல். ஏற்றும் வேலையை ஒருவர் கையால் செய்தார். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியே அங்கு இல்லை.

ஆகவே என் பதில்: கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். ஒரு கமிட்டின் (நிரலில் பதிந்த ஒரு மாற்றத்தின்) அடையாளத்தைக் கொடுத்தால் அதைத் தொகுத்து, எல்லாச் சர்வர்களிலும் ஏற்றி, எல்லாவற்றிலும் ஒரே பதிப்புதான் ஓடுகிறதா என்று கேட்டுப் பார்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்று. முந்தைய பதிப்புக்குத் திரும்பவும் அதே ஸ்கிரிப்ட். இதற்கு ஒரு சோதனைகூடத் தேவையில்லை.

"சோதனைகளை எழுதி முடித்த பிறகு" என்ற நாள் எந்தக் குழுவுக்கும் வந்து நான் பார்த்ததில்லை. நீங்கள் யோசித்துவைத்த பிழையைத்தான் சோதனை பிடிக்கும். யோசிக்காத பிழை வரும்போது கையில் இருக்க வேண்டியது திரும்பும் வழி.

ஜூன் 3

ஸ்கிரிப்ட் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாக:

பழையதன் மேல் புதியதை எழுதாதீர்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் கோப்புறை. "தற்போதையது" என்று, அவற்றில் ஒன்றைச் சுட்டும் ஒரு குறியிணைப்பு. பதிப்பு மாற்றுவது என்றால் அந்த இணைப்பைத் திருப்பிவிட்டுச் சேவையை மறுதொடக்கம் செய்வது. பின்வாங்குவதும் அதுவே.

ஒரு முறை மட்டும் தொகுங்கள். சோதனைச் சூழலில் ஓடிய அதே கோப்பு, பைட்டுக்கு பைட் மாறாமல், பயனர்களுக்குப் போக வேண்டும். சோதனைக்கு ஒரு தொகுப்பு, வெளியீட்டுக்கு இன்னொரு தொகுப்பு என்றால் நீங்கள் சோதித்தது வேறு, அனுப்பியது வேறு. இதை மீறும் பெரிய குழுக்களையும் பார்த்திருக்கிறேன். கேட்டால் "அதே கமிட்தானே" என்பார்கள். கமிட் ஒன்றுதான், இரண்டு தொகுப்புகளுக்கும் நடுவே ஒரு சார்பு நூலகம் புதுப்பிக்கப்பட்டிருந்தால் என்ன செய்வது?

ஜூன் 5

எந்தக் கருவி நல்லது என்ற சண்டை தொடங்கிவிட்டது. உங்கள் நிரல் களஞ்சியத்தை வைத்திருக்கும் சேவை எதை இலவசமாகத் தருகிறதோ அது. அதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

ஏனெனில் கருவிகள் போய்க்கொண்டே இருக்கும். க்ரூஸ் கன்ட்ரோல் 2001ல் வந்தது. இன்று பெயர் சொன்னால் சிலருக்குத்தான் தெரியும். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தபோது கோசுகே கவாகுச்சி எழுதிய ஹட்சன், சன்னை வாங்கிய ஆரக்கிளுடனான பெயர்ச் சண்டைக்குப் பிறகு 2011ல் ஜென்கின்ஸ் ஆனது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் 2019 நவம்பரில்தான் எல்லோருக்கும் திறந்தது. இப்போது அதுதான் ஆதிகாலம் முதல் இருப்பதுபோல் பேசுகிறார்கள். இவை அத்தனைக்கும் அடியில் 1976ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் என்ற தொகுப்புக் கருவி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, வரித் தொடக்கத்தில் டேப் என்ற இடைவெளிக் குறி இருந்தே ஆக வேண்டும் என்ற அதன் பிடிவாதத்தோடு. எழுதிய சில வாரங்களிலேயே பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்களாம். அவர்களுக்குத் தொல்லை தர வேண்டாம் என்று டேப்பை மாற்றாமல் விட்டுவிட்டார். அந்தப் பத்துப் பேருக்குக் காட்டிய கருணையின் விலையை உலகம் அரை நூற்றாண்டாகக் கட்டுகிறது.

செய்ய வேண்டியது: வேலை முழுவதையும் உங்கள் ஸ்கிரிப்டிலேயே வையுங்கள். கருவியின் யாமல் கோப்பு (அதற்கான அமைப்புகளை எழுதும் கோப்பு) அந்த ஸ்கிரிப்டை அழைத்தால் போதும். நாளை கருவி மாறினால் பத்து வரி மாறும். அதைவிட முக்கியம், பைப்லைன் உடைந்தால் உங்கள் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். "சரிசெய்தேன்", "மறுபடி சரிசெய்தேன்", "இப்போதாவது" என்று வரிசையாகக் கமிட் போட்டு இயந்திரத்தின் பதிலுக்குக் காத்திருக்கும் கொடுமை மிச்சம்.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

யாமல் என்றதும் நினைவு வந்தது. பைத்தான் மொழியின் பதிப்பை 3.10 என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் யாமல் அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொண்டு 3.1 ஆக்கிவிடும். பைத்தான் 3.10 வெளியானபோது பலருடைய பைப்லைன்கள் இதனால் படுத்தன. 3.9 வரை யாருக்கும் தெரியாமல் காத்திருந்த பொறி. எல்லாப் பதிப்பு எண்களுக்கும் மேற்கோள் குறி போடுங்கள். 3.20 வரும்போதும் இதே பதிவைத் தேடிக்கொண்டு யாராவது வருவார்கள்.

ஜூன் 9

கீழே ஒருவர் சரியான இடத்தில் குத்தியிருக்கிறார்: "நைட் கேப்பிடலை உதாரணமாகச் சொல்கிறீர்களே, அவர்களைக் கவிழ்த்ததே பின்வாங்கல்தானே?"

உண்மை. அந்தக் கதையின் மறுபாதி இது. எங்கிருந்து ஆர்டர்கள் வருகின்றன என்று தெரியாத பதற்றத்தில், சரியாக ஏற்றப்பட்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை எடுத்துவிட்டார்கள். கொடி இன்னும் அணைக்கப்படாமல் இருந்தது. ஆகவே அந்த ஏழும் பழைய வசதியை இயக்கத் தொடங்கின. ஒன்று செய்துகொண்டிருந்த நாசத்தை எட்டும் செய்தன.

இதனால் "கடைசிப் படி முதலில்" என்ற கருத்து மாறுகிறதா? எனக்கு இல்லை. ஆனால் பின்வாங்கல் என்று நான் சொன்னது குறுகலாக இருந்தது என்று ஒப்புக்கொள்ளலாம். நிரலை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோவது போதாது. நிரல், அமைப்புக் கோப்பு, கொடிகள் மூன்றும் ஒரே பதிப்பாகப் பின்னால் போக வேண்டும். அதை அமைதியான நாளில் ஒத்திகை பார்த்திருக்கவும் வேண்டும்.

நான்காவதாகத் தரவுத்தளம். அதுதான் பின்னால் போகாது. புதிய பதிப்பு ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றியது என்று வையுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பினால் அது பழைய பெயரைத் தேடி விழும். ஆகவே பெயர் மாற்றத்தை ஒரே வெளியீட்டில் செய்யாதீர்கள். முதல் வெளியீட்டில் புதிய நெடுவரிசையைச் சேருங்கள், இரண்டிலும் எழுதுங்கள். பழைய தரவை நகலெடுங்கள். அடுத்ததில் புதியதிலிருந்து படியுங்கள். நிம்மதியாகச் சில வெளியீடுகள் போன பிறகு பழையதில் எழுதுவதை நிறுத்துங்கள், அதற்கும் அடுத்ததில் பழையதை நீக்குங்கள். எந்தக் கட்டத்திலும் ஒரு படி பின்னால் வரலாம்.

நான் வேலைபார்த்த ஓரிடத்தில் இதைச் சோம்பேறித்தனத்துக்கு எதிரான தண்டனை என்றே அழைப்பார்கள், அவ்வளவு அலுப்பு. ஆனால் சர்வர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதுப்பிக்கப்படும்போது சில நிமிடங்களாவது பழையதும் புதியதும் ஒரே தரவுத்தளத்தோடு பேசும். பின்வாங்கவே போவதில்லை என்று சத்தியம் செய்தவர்களுக்கும் அந்தச் சில நிமிடங்கள் உண்டு.

ஜூன் 10

வெள்ளிக்கிழமை வெளியிடலாமா? பைப்லைனை நம்பினால் எந்தக் கிழமையும் ஒன்றுதான். நான் நம்புகிறேன். இருந்தாலும் வெள்ளி மாலையில் வெளியிட மாட்டேன். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று கேட்காதீர்கள்.

ஜூன் 13

இயந்திரம் பைப்லைனில் சிவப்புக் காட்டினால் (சோதனை தோற்றது; தேறினால் பச்சை) என்ன செய்கிறீர்கள்? உள்ளே போய்ப் பார்க்கிறீர்களா, "மீண்டும் ஓட்டு" பொத்தானை அழுத்துகிறீர்களா? ஒரு குழுவின் பைப்லைன் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் கேட்பது இந்த ஒரு கேள்விதான்.

நிரல் மாறாமலே ஒரு முறை தேறி, ஒரு முறை தோற்கும் சோதனைகள் எல்லா இடத்திலும் உண்டு. கூகுள் 2016ல் தன் கணக்கை வெளியிட்டது: சோதனை ஓட்டங்களில் சுமார் 1.5 சதவீதம் இப்படி நிலையற்ற முடிவு தந்தன. சோதனைகளில் ஏறக்குறைய 16 சதவீதம் ஏதோ ஓர் அளவுக்கு இந்தக் குணம் கொண்டவை. என்னை உலுக்கியது வேறு எண்: பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறிய நிகழ்வுகளில் 84 சதவீதத்தில் சம்பந்தப்பட்டது நிலையற்ற சோதனை. இந்த நிலையில் "மீண்டும் ஓட்டு" பொத்தானை அழுத்துபவரைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? அவர் அனுபவத்தில் கணக்குப் போட்டிருக்கிறார். தினமும் புலி வருகிறது என்று கத்தும் பையனை ஊர் நம்பாததில் ஊரின் தவறு ஒன்றும் இல்லை.

காரணங்கள் பெரும்பாலும் சலிப்பூட்டும் வகை. இரண்டு நொடி காத்திருந்தால் போதும் என்று எழுதிய சோதனை, நெரிசலான இயந்திரத்தில் மூன்று நொடி எடுக்கும். ஒரு சோதனை விட்டுச்சென்ற தரவில் இன்னொன்று இடறும். வரிசை மாறினால் மட்டும் வெளிப்படும். இணையத்தின் மறுமுனையில் யாருடையதோ ஒரு சேவை தூங்கும்.

ஆனால் சில வேளைகளில் பையன் உண்மையைத்தான் சொல்கிறான். சந்தாக்களைக் கையாளும் ஒரு மென்பொருளில், புதுப்பிப்புத் தேதியைச் சரிபார்க்கும் சோதனை அவ்வப்போது தோற்கும். எல்லோரும் அதைப் பைத்தியம் என்று ஒதுக்கி மீண்டும் ஓட்டினார்கள்; அன்று மீண்டும் ஓட்டியும் தேறாது, மறுநாள் தானாகத் தேறிவிடும். அது தோற்ற தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது எல்லாமே மாதக் கடைசி. ஜனவரி 31ல் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 31 ஆகி, அது மார்ச்சுக்கு வழிந்தது. அந்தத் தேதிகளில் சேர்ந்த வாடிக்கையாளர்கள் பிப்ரவரிக்குப் பணம் கட்டாமலே சேவை பெற்றுக்கொண்டிருந்தார்கள். யாரும் புகார் செய்யவில்லை, இயல்புதான்.

அதனால் நிலையற்ற சோதனையை நீக்கச் சொல்ல மாட்டேன். வெளியீட்டைத் தடுக்கும் வரிசையிலிருந்து எடுத்துத் தனியே ஓட்டுங்கள். பொறுப்பாளர் பெயரும் கெடு தேதியும் போடுங்கள். தோற்கும் ஒவ்வொரு முறையும் நேரம், இயந்திரம், ஓடிய வரிசை பதிவாகட்டும். கெடு முடிந்தும் யாரும் தொடவில்லையென்றால் அப்போது நீக்கலாம்.

ஜூன் 14

"மீண்டும் ஓட்டவே கூடாது" என்று நான் சொன்னதாக ஒருவர் சண்டைக்கு வருகிறார். இல்லை. இயந்திரமே ஒரு முறை மீண்டும் ஓட்டட்டும், ஆனால் முதல் தோல்வியை அழிக்காமல் கணக்கில் எழுதட்டும். என் கோபம் தடயம் இல்லாமல் பச்சையாக மாறும் சிவப்பின் மேல்தான்.

ஜூன் 18

கேள்வி கேட்டவர் திரும்பியிருக்கிறார். ஸ்கிரிப்ட் தயாராம், முதல் சோதனையாக எதை எழுதலாம் என்கிறார்.

சேவை எழுந்து நிற்கிறதா, தரவுத்தளத்தைத் தொடுகிறதா, ஒரு பயனர் உள்நுழைய முடிகிறதா. இது ஒன்று. பிறகு, வரும் ஒவ்வொரு பிழைக்கும் முதலில் அதை நிகழ்த்திக் காட்டும் சோதனை, அதன்பின் திருத்தம். சோதனைகள் பிழை வாழும் இடங்களில் தானாகக் கூடும். மொத்தமும் பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். அதிதீவிர நிரலாக்கம் (எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்) என்ற முறையைப் பின்பற்றுபவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் எல்லை அது. அதைத் தாண்டினால் மக்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள், சிவப்பு அனாதையாக நிற்கிறது.

நிரலில் எத்தனை சதவீதம் சோதிக்கப்பட்டது என்ற எண்ணை மேலிடத்துக்கு இலக்காகக் கொடுத்துவிடாதீர்கள். எதையும் சரிபார்க்காமல் எல்லா வரிகளையும் ஓட்டிவிட்டு வரும் சோதனைகள் முளைக்கும்.

ஜூன் 24

இதுவரை யாரும் கேட்காததால் நானே எழுதுகிறேன். பைப்லைன் வைத்த நாளிலிருந்து உங்கள் நிறுவனத்தின் அதிக அதிகாரம் கொண்ட கணக்கு மேலாளருடையது அல்ல, அந்த இயந்திரத்துடையது. சர்வரின் சாவி, தரவுத்தளக் கடவுச்சொல், கையொப்பச் சாவி எல்லாம் அதனிடம். தன்னிடம் வரும் நிரலைக் கேள்வி கேட்காமல் ஓட்டுவதும் அதன் தொழில்.

திருடர்களுக்கு இது தெரியும். 2020ல் வெளிச்சத்துக்கு வந்த சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் மீதான தாக்குதலில், தொகுக்கும் இயந்திரத்தில் காத்திருந்த தீநிரல், அதன் ஓரியன் மென்பொருள் தொகுக்கப்படும் நேரம் பார்த்து ஒரு மூலக் கோப்பை மாற்றி, முடிந்ததும் பழையதை வைத்துவிட்டது. களஞ்சியம் சுத்தம். கையொப்பம் உண்மை. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் அதை இறக்கினார்கள். 2021ல், நிரலில் எவ்வளவு சோதிக்கப்பட்டது என்று கணக்கிடும் கோட்கவ் நிறுவனத்தின் ஸ்கிரிப்ட் மாற்றப்பட்டு, ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை மற்றவர்களின் பைப்லைன்களிலிருந்து சூழல் மாறிகளை (கடவுச்சொற்கள் போன்றவை பலமுறை வைக்கப்படும் இடம்) வெளியே அனுப்பியது. இந்த ஆண்டு மார்ச்சில் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்கான ஒரு பிரபலமான துணைக்கருவியின் பதிப்புக் குறிகள் எல்லாம் தீய கமிட்டுக்குத் திருப்பப்பட்டன. அதைப் பயன்படுத்தியவை 23,000 களஞ்சியங்களுக்கு மேல். ஓடிய இடங்களில் ரகசியங்கள் பதிவேட்டில் அச்சாயின.

எனக்கு மிகவும் பிடித்தது, பிடித்தது என்று சொல்லக் கூடாது, கோப்புகளைச் சுருக்கும் திறந்த மென்பொருளான எக்ஸ்இசட்டில் ஒளித்துவைத்த தீநிரல். 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்டது. தீநிரலின் உடல், சோதனைக்கான மாதிரிக் கோப்புகள் என்ற பெயரில் களஞ்சியத்திலேயே இருந்தது. அதை எழுப்பும் வரிகள் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகத் தனியே தயாரித்த சுருக்கக் கோப்பில் மட்டும் இருந்தன. சர்வரில் உள்நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் எரிச்சல்பட்டுத் தோண்டியதால் பிடிபட்டது. அந்த அரை நொடியை நானாக இருந்தால் கவனித்திருக்க மாட்டேன், நீங்களும்தான்.

ஆறேழு பேர் குழு இதற்கு என்ன செய்யலாம்? பிறர் எழுதிய படிகளைப் பதிப்புக் குறியால் அழைக்காமல் கமிட்டின் முழு அடையாளத்தால் அழையுங்கள். மார்ச்சில் அப்படி ஏற்கெனவே பூட்டிவைத்திருந்தவர்கள் தப்பினார்கள். நிரந்தரக் கடவுச்சொற்களுக்குப் பதில் அந்த ஓட்டத்துக்கு மட்டும் செல்லும் தற்காலிகச் சாவிகள். சோதனை ஓட்டும் வேலைக்கு வெளியீட்டுச் சாவி தெரியவே கூடாது. வெளியாட்கள் அனுப்பும் மாற்றங்கள் ஓடும் இடத்தில் எந்த ரகசியமும் இருக்கக் கூடாது.

ஜூன் 27

முதல் பதிவில் நான் சொன்ன வரிசைக்கு ஓர் எல்லை உண்டு. கைபேசிச் செயலி செய்பவர் ஒருவர் கேட்டதால் இது.

போன ஆண்டு ஜூலை 19. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. பழுதான கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள், என் அளவுகோலில் மோசமில்லாத பின்வாங்கல். பயன்? சாய்ந்த கணினி எழும்போதே மறுபடி சாய்கிறது. திருத்தத்தை வாங்கிக்கொள்ள அது விழித்திருப்பதே இல்லை. மனிதர்கள் ஒவ்வொரு கணினியாகப் போய் எழுப்பினார்கள்.

சோதனைகள் இல்லாமலும் இல்லை. புதிய வகைக் கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. நிரல் கொடுத்தது 20. சோதித்தபோதெல்லாம் 21ஆவது இடத்தில் "எதுவானாலும் சரி" என்ற குறி இருந்ததால் அந்த இடத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தவிர, நிரல் மாற்றத்துக்கு இருந்த படிப்படியான விநியோகம் இந்த வகைக் கோப்புக்கு இல்லை; எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது.

ஆக, இயந்திரங்கள் உங்கள் கையில் இருந்தால் பின்வாங்கல் முதலில். பிறர் கையில் இருந்தால் சிறு பங்குக்கு அனுப்பிக் காத்திருப்பது முதலில். நூற்றில் ஒருவருக்கு அனுப்பி, செயலிழப்பு எண்ணிக்கையைப் பார்த்து, இயந்திரமே விநியோகத்தை நிறுத்தும்படி வையுங்கள். அமைப்புக் கோப்பும் வெளியீடுதான், அதுவும் இதே வாசல் வழியாகப் போகட்டும்.

ஜூலை 3

எக்ஸ்இசட் பற்றி எழுதியது மனதை அரித்துக்கொண்டிருந்தது. வெளியிடும் கோப்பு அந்தக் கமிட்டிலிருந்துதான் வந்தது என்று எப்படிக் காட்டுவது? இரண்டு வெவ்வேறு இயந்திரங்களில் தொகுத்து, ஒரே விடை வருகிறதா என்று பார்க்கலாம். டெபியன் என்ற லினக்ஸ் இயக்குதளத்தைத் தயாரிப்பவர்கள் 2013லிருந்து இதற்காக மல்லுக்கட்டுகிறார்கள். என் சொந்தக் கருவி ஒன்றில் முயன்றேன். ஒத்துப்போகவில்லை. முதல் வேறுபாடு, தொகுத்த நேரம் கோப்புக்குள் எழுதப்படுவது. சோர்ஸ் டேட் எபோக் என்ற சூழல் மாறியில் கமிட்டின் நேரத்தைக் கொடுத்ததும் அது போனது. இரண்டாவது, சுருக்கக் கோப்பில் உள்ளவை வட்டு எந்த வரிசையில் தருகிறதோ அப்படியே அடுக்கப்படுவது. பெயர் வரிசையில் அடுக்கச் சொன்னேன். இப்போது மிச்சம் இருப்பது பிழைதிருத்தத் தகவலில் ஒட்டிக்கொண்டிருக்கும் கோப்புறைப் பாதை. ஒரு இயந்திரத்தில் என் பயனர் பெயர், மற்றதில் பைப்லைனுடையது. தொகுக்கும் மென்பொருளான கம்பைலரில் பாதையை மாற்றி எழுதும் விருப்பம் இருக்கிறது. நூலகங்களில் ஒன்று அதைக் கண்டுகொள்ளாமல் தன் வழியில் தொகுக்கிறது. அந்த நூலகத்தின் தொகுப்பு ஸ்கிரிப்டைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.